இளங்குதிரையோடு டிரஸ்ஸாஜ்: முதல் ஓராண்டு

குதிரைக்கு வயது நான்கு. சவாரிக்காரரின் மெல்லிய குறிப்புகளுக்கேற்பக் குதிரை ஒழுங்காக அசையும் கலையான டிரஸ்ஸாஜில் உங்களுக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. இந்த ஜோடி சரிப்பட்டு வருமா? வரும். ஆனால் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்க இருவராலும் முடியாது. இளையவருக்கு மூத்த குதிரை, இளங்குதிரைக்கு மூத்த சவாரிக்காரர் என்பது ஜெர்மன் லாயங்களில் நெடுநாளாகச் சொல்லிவரும் வழக்கு. அதை மீறாமலேயே உங்கள் குதிரையோடு இன்றைக்கே வேலையைத் தொடங்கலாம். சேணத்தில் உட்காரும் முறையை வேறொரு பழகிய குதிரையின் மேல் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் குதிரைக்குத் தரையில் நின்று செய்யும் பாடங்களை நீங்களே கொடுங்கள். அதன் முதுகில் முதலில் ஏறுவது அனுபவமுள்ள பயிற்சியாளராக இருக்கட்டும். இந்த இரண்டு பாதைகளும் நான்கைந்து மாதங்களில் ஒன்றுசேரும்.

டிரஸ்ஸாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பழக்குதல் என்பதே பொருள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலிருந்து இது போட்டியாகவும் நடந்துவருகிறது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 செப்டம்பரில், அனுஷ் அகர்வல்லா, ஹ்ரிதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகியோர் அணித் தங்கம் வென்றார்கள். குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் அது. அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அனுஷ் களமிறங்கினார். அந்தப் போட்டிகளின் காணொளிகளைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் ஒரு கணக்கை மனத்தில் வைக்க வேண்டும்: கிராண்ட் ப்ரீ என்ற உச்ச நிலைக்கு வரும் குதிரைக்குக் குறைந்தது எட்டு வயது ஆகியிருக்க வேண்டும் என்பது சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதி. நான்கு வயதுக் குதிரையிடம் அவசரமாகக் கேட்க வேண்டியது எதுவுமே இல்லை.

முதலில் உடம்பைப் பாருங்கள்

குதிரையின் எலும்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. காலின் கீழ்ப்பகுதி முதலில் முற்றும். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள வளர்ச்சித் தட்டு ஏறத்தாழ இரண்டரை வயதில் மூடும். முதுகெலும்புதான் கடைசி, அதற்கு ஐந்தரை, ஆறு வயதுகூட ஆகும். வெளியே வளர்ந்த குதிரையாகத் தெரிந்தாலும், நீங்கள் உட்காரப்போகும் இடம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மூன்றரை வயதில் தரைப் பாடம், நான்கை ஒட்டிச் சேணம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

எடைக் கணக்கையும் போட்டுவிடுங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவுநாடா பிடித்து ஒரு அளவு எடுங்கள். தோள்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை இன்னொரு அளவு. நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் குதிரையின் எடை கிலோவில் ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 178 செ.மீ., நீளம் 160 செ.மீ. என்றால் எடை சுமார் 427 கிலோ. சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இளங்குதிரைக்கு 15 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். இந்தக் குதிரைக்கு அது 64 கிலோ. அதில் சேணமே ஏழெட்டுக் கிலோவை எடுத்துக்கொள்ளும். உங்கள் எடை கூடுதல் என்றால் ஓராண்டு தரையிலிருந்தே வேலை செய்யுங்கள். அது வீண்போகாது.

லகான் இணையும் வாய்த்துண்டான பிட்டை வாயில் போடும் முன் கால்நடை மருத்துவரை அழைத்துப் பல்லைக் காட்டுங்கள். இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் பால்பற்கள் விழுந்து புதியவை முளைக்கும். அந்த வாரங்களில் வாய் வலிக்கும். கடைவாய்ப் பல் வரிசைக்கு முன்னால் சில குதிரைகளுக்கு ஒரு குட்டிப் பல் இருக்கும். பிட் அதில் இடித்தால் குதிரை தலையை உதறும். சவாரிக்காரர் அதைப் பிடிவாதம் என்று நினைத்து இன்னும் இழுப்பார். அந்தப் பல்லை முன்கூட்டியே எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் குளம்பைச் சீர்செய்ய வேண்டும்.

இந்தியாவில் புதியவர் கைக்கு வரும் இளங்குதிரை பெரும்பாலும் பந்தயத்திலிருந்து விலகிய தரப்ரெட் என்ற பந்தய இனக் குதிரையாக இருக்கும். அது பழகாத குதிரை இல்லை, வேறு வேலைக்குப் பழகிய குதிரை. லகான் இறுகினால் அதற்கு எதிராகச் சாய்ந்து இன்னும் வேகமாகப் போகப் பழகியிருக்கும். நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி ஏற்றியிருப்பார்கள். ஏறும்போது நிற்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. இரைப்பைப் புண் இவற்றிடம் சகஜம். இரண்டு மூன்று மாதம் சேணமே இல்லாமல் மேயவிட்டு, தானியத்தைக் குறைத்து, புல்லைக் கூட்டி, பிறகு கீழே சொல்லும் பாடங்களை ஒன்றாம் நாளிலிருந்து தொடங்குங்கள். மார்வாரி, கத்தியவாரி என்ற நாட்டு இனங்களை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு: இவற்றில் பலவற்றுக்கு ரெவால் என்ற, ஒரு பக்கக் கால்கள் சேர்ந்து போகும் நடை இயல்பாகவே வரும். அதனால் தெளிவான டிராட் (குறுக்குக் கால்கள் ஜோடியாகப் போகும் ஓட்டநடை) கிடைக்கக் கூடுதல் மாதங்கள் ஆகலாம்.

உங்கள் உடம்பு

பழகிய குதிரையை இன்னொருவர் நீண்ட கயிற்றில் சுற்றவிட, நீங்கள் லகான் இல்லாமல் அதன் மேல் உட்காருங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, இருபது நிமிடம். உங்கள் கை உங்கள் சமநிலைக்காக லகானைப் பிடித்துத் தொங்கக் கூடாது என்பதுதான் இந்தப் பயிற்சியின் நோக்கம். கைகளை இடுப்பில் வைத்தபடி ஐந்து நிமிடம் ரைசிங் டிராட், அதாவது டிராட்டின் தாளத்துக்குச் சேணத்திலிருந்து எழுந்து உட்காருவதை, செய்ய வேண்டும். குரலாலும் இடுப்பாலும் மட்டும் நடைக்குக் கொண்டுவர வேண்டும். டிராட்டை அடுத்த வேகமான கேன்டரில் முழங்கால் இறுகாமல் உட்கார வேண்டும். இந்த மூன்றும் வரும்வரை இளங்குதிரையின் மேல் ஏறாதீர்கள்.

கைக்கு ஒரு பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். நண்பர் ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு, பிட்டின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து லகானைப் பிடியுங்கள். மோதிர விரலை மட்டும் மெதுவாக மூடுங்கள். அதை உணர்ந்துவிட்டதாக நண்பர் உடனே சொல்வார். அடுத்து, சவாரியில் நீங்கள் வழக்கமாக இழுக்கும் அளவுக்கு இழுத்துப் பாருங்கள். அவர் தோள் இரண்டும் முன்னால் வந்துவிடும். பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். லகானின் மறுமுனையில் ஒரு வாய் இருக்கிறது என்பது அந்தப் பத்து நிமிடத்தில் பிடிபடும்.

சாமான்

அதிகம் வேண்டாம். தரச்சான்று பெற்ற ஹெல்மெட், ஒருமுறை விழுந்து தலை அடிபட்டால் மாற்றிவிட வேண்டும். குதிகால் வைத்த பூட்ஸ், கையுறை. குதிரைக்கு ஹால்டர் (பிட் இல்லாத தலைக்கட்டு), மூன்று மீட்டர் கயிறு, குதிரையை வட்டமாகச் சுற்றவிட ஏழெட்டு மீட்டர் லஞ்ச் கயிறு, மூக்கின் மேல் வளையம் உள்ள கேவசன் என்ற தலைக்கட்டு, நீண்ட லஞ்ச் சாட்டை.

பிட் நெம்புகோல் இல்லாத சாதாரண ஸ்னாஃபிளாக, 14 முதல் 18 மி.மீ. பருமனில் இருக்கட்டும். வாயில் நேராகப் பிடித்தால் உதட்டுக்கு வெளியே இருபுறமும் அரை செ.மீ. தெரிய வேண்டும். மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். வாய் திறப்பதை மறைக்கப் பட்டையை இறுக்குவது குதிரையின் புகாரை வாயடைப்பதற்குச் சமம்.

சேணத்தில்தான் பணமும் கவனமும் போக வேண்டும். முதுகுத்தண்டின் மேல் நடுவில் மூன்று நான்கு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிய வேண்டும். பின்பகுதி கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. இளங்குதிரையின் முதுகு மாதத்துக்கு மாதம் வடிவம் மாறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பொருத்திப் பாருங்கள். சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைக் கவனியுங்கள். ஈரத்தின் நடுவே உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது.

களம்

சிறிய களத்தின் அளவு 20க்கு 40 மீட்டர், பெரியது 20க்கு 60. சிறியதே போதும். கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுங்கள். மூலைக்கு மூலை அளந்தால் 44 மீட்டர் 72 செ.மீ. வர வேண்டும், இரண்டு குறுக்களவும் ஒத்துவந்தால் மூலைகள் நேர். அடியில் கெட்டித் தரையும் மேலே இரண்டு மூன்று அங்குலத் தளர்ந்த மணலும் இருக்கட்டும். கடற்கரை மணல்போல் கால் புதையும் ஆழம் தசைநாரைப் பதம்பார்த்துவிடும்.

நுழைவாயில் ஏ. எதிர்முனையில் நடுவர் உட்காரும் இடம் சி. ஏயிலிருந்து கடிகார முள் திசையில் சுற்றினால் கே, இ, ஹெச், சி, எம், பி, எஃப். கே, ஹெச், எம், எஃப் நான்கும் மூலையிலிருந்து ஆறு மீட்டரில். இ, பி நீளப் பக்கங்களின் நடுவில். களத்தின் மையம் எக்ஸ். இந்த எழுத்து வரிசை ஏன் இப்படி வந்தது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், மனப்பாடம் செய்யுங்கள்.

இருபது மீட்டர் வட்டம்தான் உங்கள் அன்றாடப் பாடம். ஏயில் போடும் வட்டம் நான்கு இடங்களைத் தொடும்: ஏ, மூலையிலிருந்து பத்து மீட்டரில் நீளப் பக்கம், எக்ஸ், எதிர் நீளப் பக்கத்தில் அதே பத்து மீட்டர். அந்த நான்கிலும் பிளாஸ்டிக் கூம்பு வையுங்கள். கூம்பு இல்லாமல் போட்டால் குதிரை மூலைக்குள் புகுந்து வட்டம் முட்டையாகிவிடும். புதியவர்கள் போடும் வட்டங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கெடுகின்றன.

தரைப் பாடம்: ஆறு முதல் எட்டு வாரம்

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். நடப்பது, நிற்பது, பின்வாங்குவது, பின்பக்கத்தை ஒதுக்குவது, ஏறும் மேடையருகே அசையாமல் நிற்பது. இந்த ஐந்தும் பின்னாளில் சேணத்தின் மேல் கேட்கப்போவதன் எழுத்தும் அசையும்.

பின்வாங்கும் பாடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம், மற்றவற்றுக்கும் இதே முறைதான். குதிரையின் தோளருகே, அதன் முகத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். ஹால்டருக்குக் கீழே கயிற்றைப் பிடித்து நெஞ்சை நோக்கி மெதுவாக அழுத்துங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. அழுத்தத்தைக் கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். குதிரை யோசிக்கும், காது ஒன்று உங்கள் பக்கம் திரும்பும், பிறகு எடையைப் பின்னங்காலுக்கு மாற்றும். கால் இன்னும் நகர்ந்திருக்காது. அந்த நொடியில் கையைத் தளர்த்துங்கள், கழுத்தைச் சொறிந்துகொடுங்கள். மூன்றாவது நாளில் கயிற்றைத் தொட்டாலே ஓரடி பின்னால் வைக்கும். குதிரை கற்றுக்கொள்வது நீங்கள் அழுத்துவதிலிருந்து அல்ல, விடுவதிலிருந்து. ஒரு நொடி தாமதித்து விட்டால் அது வேறு எதையோ கற்றுக்கொண்டுவிடும்.

கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை மிரண்டு ஓடினால் விரல் போய்விடும்.

லஞ்சிங்

வட்டம் பதினைந்து மீட்டருக்குக் குறையக் கூடாது. சின்ன வட்டம் முட்டிகளை உள்நோக்கி முறுக்கும். மொத்தம் பதினைந்து, அதிகம் போனால் இருபது நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றுங்கள். நீங்கள் முக்கோணத்தின் முனை. கயிறு ஒரு கை, சாட்டை மறு கை, குதிரை எதிர்ப்பக்கம். சாட்டை பின்னங்காலை நோக்கி இருந்தால் முன்னே போகச் சொல்கிறது, தோளை நோக்கி நீட்டினால் வெளியே விலகச் சொல்கிறது. இது தவிர அதற்கு வேறு வேலையில்லை.

குரல் கட்டளைகளை இங்கேயே பதியவையுங்கள். எந்த மொழி என்பதைக் குதிரை பார்க்காது, தொனியைத்தான் பார்க்கும். வேகம் கூட்ட ஏறும் தொனி, குறைக்க இறங்கி நீளும் தொனி. கடிவாளத்திலிருந்து வயிற்று வாருக்குக் கட்டும் சைட் ரெயினை முதல் மாதம் தொடவே வேண்டாம். பிறகு போட்டாலும் மூக்கு செங்குத்துக் கோட்டுக்கு முன்னால் இருக்கும் அளவுக்கு நீளமாகப் போடுங்கள். நடையில் கழற்றிவிடுங்கள். நடக்கும்போது குதிரையின் தலை ஒவ்வொரு அடிக்கும் ஆடியாக வேண்டும்.

ஏறும் நாட்கள்

சேணத்தை லஞ்சிங்கில் ஒரு வாரம் பழக்கிய பிறகு பயிற்சியாளர் ஏறட்டும். வயிற்று வாரை ஒரே மூச்சில் இறுக்காமல், ஒரு துளை, சில அடி நடை, இன்னொரு துளை என்று போங்கள். பயிற்சியாளர் முதல் மூன்று நாள் சேணத்தின் மேல் வயிறு பதியக் குறுக்கே சாய்ந்துவிட்டு இறங்கிவிடுவார். பிறகு உட்காருவார், ஐந்து நிமிடம் நடை, அவ்வளவுதான். தலைப்பக்கம் கயிற்றோடு நிற்க வேண்டியவர் நீங்கள். இரண்டு மாதமாக அந்தக் குதிரை கேட்டுப் பழகிய குரல் உங்களுடையது. சேணத்தில் இருப்பவர் காலால் கேட்கும்போது அதற்குப் பொருள் சொல்லிக்கொடுப்பது உங்கள் குரல்தான்.

தாளம்

ஜெர்மன் பயிற்சி முறையில் ஆறு படிகள்: தாளம், தளர்வு, தொடர்பு (கைக்கும் குதிரையின் வாய்க்கும் இடையே), உந்துவிசை, நேராகப் போதல், திரட்டல் (எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்றுதல்). முதல் ஆண்டில் முதல் மூன்று படிகள் போதும். மூன்றாவதில்கூடத் தொடக்கம் மட்டுமே.

சொற்கட்டு தெரிந்தவர்களுக்குத் தாளம் எளிது. நடை நான்கு தட்டு: தகதிமி. டிராட் குறுக்கு ஜோடிகளாக இரண்டு தட்டு: தக. கேன்டர் மூன்று தட்டு, பிறகு நான்கு காலும் அந்தரத்தில் இருக்கும் ஒரு சிறு மௌனம்: தகிட, தகிட. சவாரியின்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். நடையில் தகதிமி நெருங்கி இரண்டு தட்டாகக் கேட்டால், ஒரு பக்கக் கால்கள் சேர்ந்துபோகத் தொடங்கிவிட்டன. காரணம் பெரும்பாலும் பதற்றம் அல்லது இறுகிய கை. கேன்டரில் நான்கு தட்டுக் கேட்டால் குதிரை சோர்ந்து இழுத்துக்கொண்டு போகிறது. டிராட்டின் வேகம் குதிரைக்குக் குதிரை மாறும். அதன் இயல்பான வேகத்தைக் கண்டுபிடித்து, மெட்ரோனோம் செயலியில் பதிந்து, அதே வேகத்தில் நீங்கள் எழுந்து உட்காருங்கள். உங்கள் உடம்பு தாளம் தப்பாதிருந்தால் குதிரை இரண்டு வாரத்தில் அதற்குள் வந்துவிடும்.

முதல் மாதம் இருபது நிமிடச் சவாரி. அதில் முதல் பத்து நிமிடம் நீண்ட லகானில் நடை. நேர்கோடுகள், பெரிய திருப்பங்கள், ரைசிங் டிராட். குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னே போகும்போது எழுங்கள், பின்னே வரும்போது உட்காருங்கள். இரண்டாம் மாதம் இருபது மீட்டர் வட்டம், மூலைவிட்டத்தில் திசை மாற்றம், நடையிலிருந்து டிராட்டுக்கும் திரும்பவும் ஒரு சவாரிக்குப் பத்துப் பதினைந்து மாற்றங்கள். மூன்றாம் மாதம் வட்டத்திலிருந்து மூலைக்கு வரும் இடத்தில் கேன்டர் கேளுங்கள். ஒரு நீளப் பக்கம் போதும். தப்பான காலில், அதாவது உள்பக்க முன்னங்காலுக்குப் பதில் வெளிப்பக்க முன்னங்காலை முன்னே நீட்டிக் கிளம்பினால், அமைதியாக டிராட்டுக்கு வந்து மறுபடி கேளுங்கள், தண்டிக்காதீர்கள். தண்டனை வாங்கிய குதிரை அடுத்த முறை கேன்டரே வேண்டாம் என்று நினைத்துவிடும்.

வாரத்தில் நான்கு நாள் சவாரி. மூன்று பயிற்சியாளருக்கு, ஒன்று உங்களுக்கு. மூன்றாம் மாதத்தில் இரண்டு இரண்டு. ஒரு நாள் தரைக்கம்புகள், நடைக்கு 80 செ.மீ., டிராட்டுக்கு 1.3 மீட்டர் இடைவெளியில். ஒரு நாள் களத்துக்கு வெளியே உலா. ஒரு நாள் ஓய்வு. அன்றைக்கு லாயத்தில் அடைக்காமல் வெளியே விடுங்கள்.

கழுத்தை வளைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். படங்களில் பார்த்த வளைந்த கழுத்து, கையால் செய்யப்பட்டதல்ல. பின்னங்கால் உடம்புக்குக் கீழே நுழைந்து, முதுகு எழும்பி, அந்த ஆற்றல் கழுத்து வழியாக வந்து கையைத் தேடும்போது கழுத்து தானாக வளைகிறது. அதற்கு ஆண்டுகள் ஆகும். லகானை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி இழுத்தால் நான்கே நாளில் மூக்கு கீழே வந்துவிடும். படம் எடுத்தால் அழகாகக்கூட இருக்கும். ஆனால் முதுகு குழிந்து, பின்னங்கால் பின்தங்கி, நாக்கு நசுங்கி, குதிரை கையைக் கண்டு ஒளியப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்ற, அதை உண்டாக்க ஆன காலத்தைவிடப் பல மடங்கு ஆகும்.

சரியாகப் போகிறோமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. இருபது மீட்டர் வட்டத்தில் ரைசிங் டிராட். தாளம் நிலையானதும் விரல்களைத் தளர்த்தி, லகானை இரண்டு மூன்று செ.மீ. நழுவவிடுங்கள். மறுபடி இரண்டு மூன்று. தளர்ந்திருக்கும் குதிரை பிட்டைத் தேடிக்கொண்டு கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டும். மூக்கு தோள்முனை உயரத்துக்கு வரும். மூக்கைச் சிந்துவதுபோல் ஃபுர்ரென்று மூச்சுவிடும். வால் ஊஞ்சல்போல் இருபுறமும் ஆடும். சேணத்துக்குக் கீழே முதுகு ஏறி இறங்குவது உங்கள் தொடையில் தெரியும். தாளம் மட்டும் மாறாது. இது கிடைத்த நாளில் நடைக்கு வந்து, தட்டிக்கொடுத்து, இறங்கிவிடுங்கள், பன்னிரண்டு நிமிடமே ஆகியிருந்தாலும். லகான் நீண்டதும் குதிரை வேகம் பிடித்தால் சமநிலை இன்னும் வரவில்லை. லகானை வெடுக்கென்று பிடுங்கினால் அதுவரை கை இறுகியிருந்தது. தலையை இருந்த இடத்திலேயே வைத்திருந்தால் அது கையை இன்னும் நம்பவில்லை.

தடுமாறும் இடங்கள்

டிராட்டில் ஓட்டம் பிடிக்கும் குதிரையின் மேல் பெரும்பாலும் முழங்காலை இறுக்கிய ஒருவர் இருப்பார். தொடையைத் தளர்த்தி, எழுந்து உட்காரும் வேகத்தைக் குறைத்து, வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். லகானைத் தொடர்ந்து இழுத்துப் பிடித்தால் அதில் சாய்ந்துகொண்டு இன்னும் ஓடும்.

காலுக்குப் பதில் சொல்லாத குதிரை, ஒவ்வோர் அடிக்கும் விலாவில் உதைவாங்கி மரத்துப்போன குதிரை. ஒருமுறை மெல்ல அழுத்துங்கள்; பதில் இல்லையென்றால் சாட்டையால் காலுக்குப் பின்னால் ஒரு தெளிவான தட்டு. முன்னே போனதும் கால் முற்றிலும் அமைதியாக வேண்டும். போகும்போதே கையால் பிடித்து நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

வட்டத்தில் தோளைச் சாய்த்து உள்ளே விழுவது, நேர்கோட்டில் பின்பக்கம் ஒதுங்குவது இரண்டும் எல்லாக் குதிரைக்கும் பிறவிக் கோணல். நமக்கு வலக்கை, இடக்கைப் பழக்கம் இருப்பதுபோலத்தான். வேலியை ஒட்டியே ஓட்டினால் குதிரை சுவரில் சாய்ந்து நேராக இருப்பதுபோல் தெரியும். ஒன்றரை மீட்டர் உள்ளே ஓட்டுங்கள், உண்மை தெரிந்துவிடும்.

நேற்று வரை நன்றாகச் செய்த குதிரை இன்று தலையை உதறினால், வாலைச் சுழற்றினால், பல்லை நறநறவென்று கடித்தால், முதலில் வலியைத் தேடுங்கள்: பல், சேணம், குளம்பு, முதுகு, இரைப்பை. இவை எல்லாம் சரி என்று மருத்துவர் சொன்ன பிறகே பயிற்சியில் காரணம் தேட வேண்டும். பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயர்ந்து நிற்கும் வளர்ச்சிக் காலத்தில் எல்லாக் குதிரைக்கும் சமநிலை குலையும். அந்த மாதத்தில் நடையும் உலாவும் போதும்.

தமிழகக் கோடையில் காலை ஏழு மணிக்குள் சவாரியை முடித்துவிடுங்கள். ஓய்வில் குதிரையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. வேலை முடிந்து பதினைந்து நிமிடத்தில் துடிப்பு 60க்குக் கீழே இறங்காவிட்டால் வேலை அதிகமாகிவிட்டது. உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள், குடிக்கவும் கொடுங்கள். தீனியில் தினமும் 30 கிராம் உப்பு, நன்றாக வியர்த்த நாளில் அதற்கு மேல். கடலோர ஈர வெப்பத்தில் சில குதிரைகள் வியர்ப்பதையே நிறுத்திவிடும். மேல்தோல் காய்ந்து, மூச்சு மட்டும் இரைக்கும் குதிரையை அன்றைக்கு வேலைக்கு எடுக்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முதல் போட்டி

மூன்று மாதச் சவாரிப் பாடம் நிலைத்தபின் நடையும் டிராட்டும் மட்டும் உள்ள தொடக்கநிலைத் தேர்வுக்குப் போகலாம். ஒவ்வோர் அசைவுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண், அரை மதிப்பெண்ணும் உண்டு. ஐந்து சுமார், ஆறு திருப்தி, ஏழு ஓரளவு நன்று. முதல் முறை மொத்தத்தில் 60 சதவீதம் வந்தால் நல்ல தொடக்கம். இளங்குதிரைகளுக்கென்றே நடக்கும் போட்டிகளில் கணக்கு வேறு: நடை, டிராட், கேன்டர், இணக்கம், மொத்தத் தோற்றம் என்று ஐந்தே மதிப்பெண்கள்.

தேர்வை மனப்பாடம் செய்யக் குதிரையின் மேல் ஏற வேண்டாம். வீட்டுத் தரையில் சாக்பீஸால் களம் வரைந்து, நடந்தே பழகுங்கள். குதிரையின் மேல் முழுத் தேர்வையும் திரும்பத் திரும்பச் செய்தால், எக்ஸ் வந்ததும் கேட்காமலேயே நின்றுவிடும். ஏயில் நுழையும்போது பார்வை சியின் மேல் இருக்கட்டும். காலுக்குக் கீழே பார்த்தால் கோடு பாம்பாகிவிடும். வணக்கத்துக்கு நின்றதும் லகானை ஒரு கைக்கு மாற்றி, மறு கையைத் தொங்கவிட்டுத் தலையைத் தாழ்த்துங்கள். நின்ற நிலை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அங்கே திருத்தாதீர்கள். அசையாமல் நிற்பதற்கே இளங்குதிரைக்கு மதிப்பெண் கிடைக்கும்.

போட்டிக்கு முந்தைய நாளே அந்த இடத்துக்குக் கொண்டுபோய், ஒலிபெருக்கியையும் கொடிகளையும் காட்டி, கையில் பிடித்து ஒரு சுற்று நடத்துங்கள். மிரளும் பொருளை நோக்கித் தலையைத் திருப்பி இழுக்காமல், அதிலிருந்து சற்று விலகி நின்று அதுவாகப் பார்க்கவிடுங்கள். தேர்வு முடிந்து ஏ வழியே நீண்ட லகானில் வெளியே வந்ததும் இறங்கி, வாரை இரண்டு துளை தளர்த்தி, மூச்சு அடங்கும்வரை நடத்துங்கள். மதிப்பெண் தாளை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். மொத்தத்தைப் பார்க்கும் முன், ஒவ்வொரு வரிக்கும் எதிரே நடுவர் எழுதியிருக்கும் குறிப்புகளில் தாளம் என்ற சொல் எத்தனை இடத்தில் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். மறுநாள் குதிரைக்கு ஓய்வு. அதற்கடுத்த நாள், அதிகமாகக் குறிப்பு வாங்கிய அந்த ஓர் அசைவிலிருந்து, வட்டத்தில் கூம்புகளை வைத்துத் தொடங்குங்கள்.